பதினெட்டு லீற்றர் வெயில் தண்ணீர்

கிணற்றடியில் குளித்து வளர்ந்தவர்களுக்கு 20 லீற்றர் தண்ணீர் என்பது இரண்டு வாளி மட்டுமே. தலைக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று என்று ஊற்றினால் சவர்க்காரம் போடுவதற்கு முன்னரே அது தீர்ந்துவிடும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் எங்கள் வீட்டில் விட்டுச் சென்ற சூரிய ஷவர் பையை முதன்முதலில் விரித்துப் பார்த்தபோது, இதற்குள் அடங்கும் தண்ணீரில் ஒருவராவது ஒழுங்காகக் குளித்து முடிப்பாரா என்றுதான் நினைத்தேன். கடந்த ஆவணியிலும் பின்னர் தையிலும் நாங்கள் நால்வர் காட்டோரம் கூடாரம் அடித்துத் தங்கிய இரண்டு தடவைகளிலும் அந்தப் பையையே நம்பியிருந்தோம். இடையில் அது மூன்று இடங்களில் பழுதடைந்தது. திருத்தியதையும், திருத்தப் போய்க் கெடுத்ததையும், தையில் அது கைவிட்டபோது வேறொன்று செய்துகொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தங்கிய இடம் மாமாவின் காணி. வன்னியில் ஒட்டுசுட்டானைக் கடந்து சென்றால், முத்தையன்கட்டுக் குளத்தின் அலைகரைக்குச் சற்று அப்பால், பாலையும் வீரையும் நிற்கும் காட்டை ஒட்டி அது இருக்கிறது. அந்தக் காணியில் இன்னும் கிணறு வெட்டவில்லை. அரைக் கிலோமீற்றர் தள்ளியுள்ள வயற்கிணற்றில் இருந்து மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் 20 லீற்றர்க் கான்களைக் கட்டித்தான் தண்ணீர் கொண்டுவர வேண்டும். குளம் பக்கத்திலேயே கிடக்கிறதே என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது, ஆவணியில் நீர் வற்றிப் பின்வாங்கியபின் அலைகரை முழுவதும் முழங்காலளவு சேறு. பொழுதுபட்டால் யானை இறங்கும் வழியும் அதுவே. வன்னிக் குளங்களில் முதலை கிடப்பதும் புதிய செய்தியன்று. பகல் முழுவதும் சோளகக் காற்று வாரி இறைத்த புழுதியோடு கூடாரத்துக்குள் படுக்கவும் முடியாது. ஆகவே மாலையில் கூடாரத்தடியிலேயே குளித்தாக வேண்டியிருந்தது.

பை எளிமையானது. ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் நீளமும் 40 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட தடித்த பிவிசிப் பை. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் ஒளி புகும் தெளிந்த படலம். மேலே தண்ணீர் ஊற்றும் வாயும் தூக்குவதற்கான பிளாஸ்ரிக் பிடியும், கீழே விரலளவு தடித்த குழாயும், அதன் நுனியில் திருப்பி மூடும் அடைப்பானோடு கூடிய சிறிய பூவாளிமுனையும் இருக்கின்றன. தெளிந்த பக்கம் மேலே இருக்குமாறு கிடத்த வேண்டும். ஒளி அதனூடாகப் புகுந்து கறுப்பில் வெப்பமாகிறது, மேற்படலம் அந்த வெப்பம் காற்றோடு போவதைக் குறைக்கிறது. முதல் நாள் நான் கறுப்புப் பக்கத்தை மேலே வைத்து ஒரு மணித்தியாலத்தை வீணாக்கினேன்.

20 லீற்றர் என்று பையில் அச்சிட்டிருந்தாலும், வாய் பிதுங்காமல் மூடுவதற்கு 18 லீற்றரோடு நிறுத்த வேண்டியிருந்தது. காலை 10 மணிக்கு வயற்கிணற்றுத் தண்ணீர் 29 பாகை. பகல் 1 மணிக்குச் சமையல் வெப்பமானி 47 பாகை காட்டியது; 3 மணிக்கு 52. இது பொருந்துகிறதா என்று மணலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லீற்றரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 4.2 கிலோயூல் வேண்டும் என்பதால், 18 லீற்றரை 18 பாகை உயர்த்த 1360 கிலோயூல் போதும். உச்சி வெயில் சதுர மீற்றருக்கு 900 தொடக்கம் 1000 வாற்று என்று கொண்டால், இந்தப் பையின் பரப்பில் 220 வாற்று அளவில் விழும். மூன்று மணித்தியாலத்தில் 2400 கிலோயூலுக்குச் சற்றுக் குறைவு. விழுந்ததில் பாதிக்குமேல் தண்ணீரில் ஏறியிருக்கிறது. மறுநாள் அதே பையைக் காற்று நேரே அடிக்கும் வெட்டையில் போட்டபோது பகல் 1 மணிக்கு 42 பாகைக்கு மேல் ஏறவில்லை. சோளகக் காலத்தில் பையை வேலியோரமாக, காற்று மறைவில் கிடத்துவது அரை மணித்தியால வெயிலைவிடப் பெறுமதியானது.

52 பாகைத் தண்ணீரை உடலில் விடக் கூடாது என்பதை நான் சற்று அவசரமாகவே கற்றுக்கொண்டேன். குழாய்க்குள் நின்ற தண்ணீர் பைக்குள் இருப்பதையும்விடச் சூடாக இருந்தது. அடைப்பானைத் திறந்தவுடன் முதலில் வருவது அதுதான். என் தோளில் விழுந்த அந்த ஒரு சிரங்கைத் தண்ணீர் அன்றிரவு முழுவதும் எரிந்தது. சிறுபிள்ளைகளின் தோல் இன்னும் விரைவில் பொசுங்கும். அன்றிலிருந்து முதல் நீரை நிலத்தில் விட்டு, முழங்கையின் உட்பக்கத்தில் பிடித்துப் பார்த்த பின்னரே எவரும் கீழே நிற்கலாம் என்று விதி வைத்தோம். அதைவிட நல்ல வழி பையைப் பாதி மட்டும் நிரப்பிக் காயவிடுவது. 9 லீற்றர் விரைவாகச் சூடேறும். மாலையில் அது 50 பாகையில் நிற்க, 29 பாகையில் உள்ள கிணற்றுத் தண்ணீர் 9 லீற்றரை மேலே ஊற்றினால் முழுவதும் 39 அல்லது 40 பாகைக்கு வந்துவிடுகிறது. குளிப்பதற்கு வேண்டிய சூடு அவ்வளவே. வெயிலில் தூக்கிக் கிடத்த வேண்டிய பாரமும் பாதியாகிறது.

உண்மையைச் சொன்னால், ஆவணியில் எங்களில் எவருக்கும் வெந்நீர் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் பையை நிழலிலேயே தொங்கவிட்டுக் குளித்தோம். அதுதான் எல்லோருக்கும் பிடித்த குளிப்பு. இந்தப் பையை வெயிலில் வெந்நீர் தரும் பை என்று விற்கிறார்கள். தண்ணீர் சுமக்க வேண்டிய இடத்தில் அதன் பெறுமதி அடைப்பானில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. வாளியில் கோலி ஊற்றும்போது பாதி உடலைத் தொடாமலே மண்ணுக்குப் போகிறது. இதில் நனைந்து, மூடி, சவர்க்காரம் தேய்த்து, மீண்டும் திறந்து கழுவினால் ஒருவருக்கு 5 லீற்றர் போதுமாக இருந்தது. அக்கா மட்டும் இதை ஏற்கவில்லை. நீண்ட தலைமுடியை அலசுவதற்கு 10 லீற்றர் வேண்டும் என்றார். அதோடு வயற்கிணற்றுத் தண்ணீர் சவர்த்தன்மை கொண்டது, சவர்க்காரம் நுரைக்கவும் மாட்டாது, லேசில் போகவும் மாட்டாது. அவருடைய தலைமுழுக்கு நாளில் மட்டும் மச்சான் இரண்டாம் தடவை கிணற்றுக்குப் போய்வந்தார்.

நீர் விழும் வேகம் உயரத்தைப் பொறுத்தது. ஒரு லீற்றர்ப் போத்தலை நிரப்ப, பையின் அடி பூவாளிமுனையிலிருந்து 1 மீற்றர் உயரத்தில் இருந்தபோது 38 செக்கன் ஆனது. 2 மீற்றராக உயர்த்தியபோது 27 செக்கன். உயரத்தை இரட்டித்தாலும் வேகம் இரட்டிக்காது, ஏறத்தாழ 1.4 மடங்கே கூடும். ஆனால் 18 கிலோ எடையை அந்த உயரத்துக்கு ஏற்றுவதுதான் பெரிய வேலை. மாமா வந்து பார்த்துவிட்டு, "தம்பி, உதைத் தூக்கிக் கட்டினால் வேட்டையாடின பன்றியைத் தொங்கவிட்ட மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். பழைய கிணற்றுக் கப்பி ஒன்றை அவரே கொண்டுவந்து, உயிருள்ள பாலைக் கொப்பு ஒன்றில் கட்டித் தந்தார். பட்ட கொப்பில் ஒருபோதும் கட்டக் கூடாது என்பது அவருடைய கட்டளை.

முதற் பழுது அந்தக் கப்பியால் வந்தது. இழுத்து நிறுத்திய மறு நிமிடம் பிளாஸ்ரிக் பிடி ஒரு பக்கம் கழன்று, பிவிசி விளிம்பு இரண்டு விரலளவு கிழிந்தது. பை விழாமல் மச்சான் தாங்கிக்கொண்டார். கிழிந்த விளிம்பை ஒட்டுவதில் பயனில்லை. பாரம் முழுவதும் மீண்டும் அதே இடத்தில்தான் இழுக்கும். எனவே பாரத்தையே பையிலிருந்து எடுத்துவிட்டேன். வெறும் உரப்பை ஒன்றை நன்றாகக் கழுவி, ஒரு பக்கத்தில் சன்னல் போல வெட்டி, வெட்டிய விளிம்பை மடித்துச் சாக்குத்தையல் ஊசியால் தைத்தேன். மேல் வாயை ஒரு தடியில் சுற்றித் தைத்து, தடியின் இரு நுனியிலும் கயிறு கட்டினேன். ஷவர்ப் பை அந்த உரப்பைக்குள் தொட்டிலில் குழந்தை கிடப்பது போல் இருக்கிறது. சன்னல் வழியாக வெயில் படுகிறது. அடியில் ஓட்டையிட்டுக் குழாயை வெளியே விட்டிருக்கிறேன். உரப்பை வெயிலில் நாளடைவில் உக்கிப் பொடியாகும் என்பதால், தையல் ஓரத்தை ஒவ்வொரு தடவையும் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டே தூக்குகிறேன்.

இரண்டாவது பழுது நெருஞ்சி முள். அலைகரைப் பக்கம் காய்ந்த நிலம் முழுவதும் நெருஞ்சி படர்ந்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. கறுப்புப் பக்கத்தில் மூன்று துளைகள். தண்ணீர் நிறைந்த நிலையில் ஊசிமுனைத் துளையும் மாலைக்குள் இரண்டு லீற்றரைக் குடித்துவிடும். கையிலிருந்த சைக்கிள் ரியூப் ஒட்டும் பசையையும் றபர்த் துண்டையும் வைத்து ஒட்டினேன். நிழலில் நன்றாகப் பிடித்தது போலிருந்தது. மறுநாள் வெயில் ஏறியதும் பொருக்கு உரிவது போல் முழுதாக எழுந்து வந்தது. அந்தப் பசை றபருக்கு உரியது, பிவிசியோடு அது சேர்வதில்லை. அடுத்துக் குழாய் இணைக்கும் பிவிசிப் பசையை முயன்றேன். அது உண்மையிலேயே ஒட்டியது, ஆனால் காய்ந்தபின் அந்த இடம் ஓடுபோல் விறைத்துப் போனதால், பையைச் சுருட்டியபோது ஒட்டின் ஓரத்தில் புதிய வெடிப்பு விழுந்தது. விறைத்த குழாய்க்கு ஏற்றது வளையும் பைக்கு ஏற்காது என்பது அப்போதுதான் உறைத்தது.

வீடு திரும்பிய பின், பிள்ளைகளின் காற்றடைக்கும் நீச்சல் தொட்டியோடு வந்திருந்த வினைல் பசையால் செய்ததே நிலைத்தது. செய்த விதம் இது. பழைய காற்றுப்பந்து ஒன்றிலிருந்து பிவிசித் துண்டுகளை, துளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2 சென்ரிமீற்றர் மிகுமாறு வட்டமாக வெட்டினேன். மூலை உள்ள துண்டு மூலையிலிருந்தே உரியத் தொடங்கும். பழைய பசையைச் சுரண்டி, நுண்ணிய மண்தாளால் மினுக்கம் போகும்வரை மட்டும் தேய்த்து, மருந்துக்கடை ஸ்பிரிற்றால் துடைத்தேன். இரு பக்கமும் மெல்லியதாகப் பசை பூசி, சில நிமிடம் விட்டு, விரல் நுனியில் நூல்போல் இழுபடும் பதத்தில் அழுத்தி, மேலே பலகையும் இரண்டு செங்கல்லும் வைத்து ஒரு முழு நாள் தொடாமல் விட்டேன். அந்த மூன்று ஒட்டுகளும் தையிலும் ஒரு துளி கசியவில்லை. இப்போது பைக்குக் கீழே உரப்பையும் அதற்குக் கீழே மடித்த தறப்பாளும் இல்லாமல் நிலத்தில் வைப்பதில்லை.

மூன்றாவது, குழாய் பையோடு சேரும் கழுத்து. வெயிலில் இளகிய குழாயை யாரோ இழுத்திருக்க வேண்டும்; மருமகன் தானில்லை என்கிறான். பழைய சைக்கிள் ரியூபை விரலகல நாடாவாக வெட்டி, ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றில் பாதியை மூடுமாறு, அதன் நீளம் ஏறத்தாழ இரட்டிக்கும் அளவுக்கு இழுத்து இழுத்துச் சுற்றி, கடைசி நுனியை முந்திய சுற்றுக்குள் செருகி இறுக்கினேன். பசையும் இல்லை, கம்பியும் இல்லை. கம்பி போட்டிருந்தால் மென்மையான கழுத்தை அறுத்திருக்கும். பத்து நிமிட வேலை, இன்றுவரை நிற்கிறது.

இந்தப் பழுதுகளுக்கு நடுவில் பக்கத்து வயற்காரர் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார்: "அண்ணை, மருந்தடிக்கிற மெசின் ஒண்டு சும்மா கிடக்கு, கழுவிப்போட்டு அதாலை குளியுங்கோவன்." முதுகில் சுமக்கும் அந்த 16 லீற்றர்த் தெளிகருவியில் அழுத்தமும் உண்டு, கைப்பிடியும் உண்டு, தூக்கிக் கட்டும் தொல்லையும் இல்லை. ஆனால் ஒரு தடவையேனும் பூச்சிமருந்தோ களைகொல்லியோ ஊற்றிய கருவி எத்தனை தரம் கழுவினாலும் குளிக்க ஆகாது. பிளாஸ்ரிக்கிலும் றபர் வளையங்களிலும் மருந்து ஊறி நிற்கும், வெந்நீர் பட்டால் அது வெளியேறும், நனைந்த தோல் அதை உள்ளிழுக்கும். புதிதாக வாங்கிக் குளிப்புக்கென்றே ஒதுக்கி வைத்தால் அது வேறு விடயம்.

தையில் கதை மாறியது. பொங்கல் விடுமுறையோடு சேர்த்து மூன்று இரவு தங்கினோம். குளம் நிறைந்து கிடந்தது, வாடைக்காற்று வீசியது, விடியற்காலையில் தண்ணீரைத் தொட்டால் விரல் விறைத்தது. வெந்நீர் உண்மையில் வேண்டியிருந்த இந்த நாள்களில்தான் பை ஏமாற்றியது. மேகம் விட்டுவிட்டு மூடியதால் காலை 10 மணிக்கு 26 பாகையில் இருந்த தண்ணீர் பிற்பகல் 3 மணிக்கு 36 பாகையே ஆனது. ஆவணிக் கடைசியில் நடுப்பகலில் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே நிற்கும் சூரியன், தை நடுவில் வன்னியில் தெற்கே சாய்ந்து 60 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. பையைத் தெற்கு நோக்கிச் சாய்வாக வைத்தது சற்று உதவியது. ஆவணியில், 3 மணிக்கே சாக்கிலும் போர்வையிலும் சுற்றி வைத்த பை மாலை 6.30க்கு 47 பாகையில் இருந்ததையும், சுற்றாமல் நிழலில் விட்ட பை 40க்கு இறங்கியதையும் குறித்து வைத்திருந்தேன். ஆனால் 36 பாகையைச் சுற்றி வைத்து விடியும்வரை காப்பது நடக்காத காரியம்.

வழி மாமாவின் தோட்டத்திலேயே கிடந்தது. மிளகாய்க்குத் தண்ணீர் விடும் கறுப்புப் பொலித்தீன் குழாய், உள் விட்டம் 20 மில்லிமீற்றர், நீளம் 50 மீற்றர். அதற்குள் மட்டும் 15 லீற்றருக்குச் சற்று மேல் தண்ணீர் நிற்கும். வெயில் படும் பரப்போ பையைப்போல் ஐந்து மடங்கு. கோடையில் அதன் முதல் நீர் கையைச் சுடுவதை எல்லோரும் அறிவோம், குளிப்போடு சேர்த்து எவரும் நினைத்ததில்லை. பையை 2.4 மீற்றர் உயரத்தில் குளிர்நீர்த் தொட்டியாகத் தொங்கவிட்டு, அதன் குழாயைப் பெரிய வாயைச் சிறிதாக்கும் இணைப்பொன்றால் கறுப்புக் குழாயோடு பொருத்தி, மறுநுனியில் பூவாளிமுனையைச் செருகினேன்.

ஒரு சொட்டும் வரவில்லை. "மாமா, தண்ணி உள்ளுக்கை போகுது, வெளியாலை வரேல்லை" என்று என்னைக் கூப்பிட்ட மருமகன் பூவாளிமுனைக்குள் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். சுருளை வேலியில் சாய்த்து நிறுத்தியிருந்தேன், தவறு அங்கேதான். நிமிர்ந்து நிற்கும் சுருளின் ஒவ்வொரு வளையத்தின் மேற்பகுதியிலும் காற்று சிக்கிக்கொள்கிறது. 20 வளையங்கள் இருந்தால், ஒவ்வொன்றிலும் தண்ணீரைச் சற்று மேலே தள்ள வேண்டிய உயரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கூடிவிடுகின்றன, எங்கள் 2.4 மீற்றர் அதற்குப் போதவில்லை. சுருளைத் தறப்பாளின் மேல் தட்டையாகக் கிடத்தி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பாய் போலப் பரப்பி, நுனியைத் தாழ்த்தித் திறந்தவுடன் நீண்ட நேரம் காற்றைத் துப்பிவிட்டுத் தண்ணீர் வந்தது. காலை 8 மணிக்குப் பரப்பிய 25 பாகைத் தண்ணீர் 9 மணிக்கு 37 பாகை. பையிலிருந்து இறங்கும் குளிர்நீர் பின்னால் தள்ளத் தள்ள, முதல் 12 லீற்றர் வரை சூடு குறையாமல் வந்தது. உயர வேறுபாடு குறைவாக இருந்ததால் நின்று குளிக்க வேகம் போதவில்லை. மரக்குற்றியில் இருந்துகொண்டு, பூவாளிமுனையைத் தலைக்குச் சற்று மேலே பிடித்துக் குளித்தோம். உச்சி வெயிலில் இதே சுருள் முக்கால் மணித்தியாலத்துக்குள் பொசுக்கும் சூட்டுக்கு ஏறிவிடும், பகலில் கலக்காமல் பயன்படுத்தக் கூடாது. வெயில் மறைந்தால் ஆறுவதும் அதே வேகம்தான்.

குளித்த தண்ணீர் போவதற்குக் குளத்திலிருந்து 60 மீற்றருக்கு அப்பால் ஒன்றரை அடிக் குழி வெட்டிக் கூழாங்கல் நிரப்பினோம். மாமாவின் காணி மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட நிலம்; அவ்வாறு உறுதியாகத் தெரியாத காட்டோரத்தில் நான் குழியும் வெட்ட மாட்டேன், கூடார முளையும் அறைய மாட்டேன்.

பையிலும் சுருளிலும் இளஞ்சூட்டில் நின்ற தண்ணீரை மறுநாளைக்கு வைத்திருப்பதில்லை. கிருமி பெருக அதைவிட வாய்ப்பான இடம் இல்லை, பூவாளிமுனை அதைத் தூவலாக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும். சவர்நீரின் சுண்ணாம்பு அடைத்த முனையை ஓர் இரவு தேசிப்புளியில் ஊறவிட்டுப் பழைய பல் தூரிகையால் தேய்த்தால் துளைகள் திறக்கின்றன. பையை வாய் கீழாக, உள்ளே ஒரு மெல்லிய தடியைக் குறுக்கே நிறுத்தி, படலங்கள் ஒட்டாதபடி நிழலில் இரண்டு நாள் காயவிடுகிறேன். இப்போது அது உரப்பைத் தொட்டிலோடு சேர்ந்து, எலி ஏறாத கம்பியில் தொங்குகிறது; மிச்சமிருந்த வினைல் பசையும் காற்றுப்பந்துத் துண்டும் அதன் பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் இருக்கின்றன. கறுப்புக் குழாயை மட்டும் மாமா மிளகாய்த் தோட்டத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. மிளகாய்க்கு வேறு குழாய் வாங்கிவிட்டதாகச் சொன்னார்.